பாம்பு கடித்ததாகச் சொல்லி வந்த பூனை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் பலருக்குப் பூனை என்றால் கொஞ்சம் இளப்பம்தான். எனக்குத் தெரியும். நானும் மாட்டு டாக்டராகத்தான் இந்த உத்திரமேரூர் வட்டாரத்துக்கு வந்தேன். சினை ஊசி, கன்று ஈன முடியாமல் தவிக்கும் பசு, ஆடுகளுக்குத் தடுப்பூசி என்று ஓடிக்கொண்டிருக்கும் மருந்தகத்தில், ஒருவர் அரிசிச் சாக்கிலோ பிளாஸ்டிக் வாளியிலோ பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "ஓரமா வையுங்க, கடைசியா பார்க்கலாம்" என்றுதான் வாயில் வரும். சொல்லாதீர்கள். பூனை தன் நோயை வெளியே காட்டாத பிராணி. மூக்கொழுகல், காதுச் சொறி, குடல் புழு, பல்வலி எது இருந்தாலும் அது பாட்டுக்கு வீட்டைச் சுற்றி வரும். வீட்டுக்காரர்கள் கவனித்துத் தூக்கிக்கொண்டு வரும் அளவுக்கு அது சுருண்டுவிட்டது என்றால், உங்கள் கையில் அதிக நேரம் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். எத்தனையோ பசுக்களை எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். ஆனால் இந்த வேலையில் நீ துள்ளிக் குதித்த நாள் எது என்று யாராவது கேட்டால், சிங்காரம் என்ற பூனை வந்த நாளைத்தான் சொல்வேன். அதைச் சொல்ல ஆரம்பித்தாலே இப்போதும் கை பரபரக்கிறது!

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகும் பஸ் நிற்கிற ஒரு கிராமத்தில் என் மருந்தகம். வாசலில் மாட்டை நிறுத்தும் இரும்புச் சட்டம். உள்ளே ஒரு மேசை, ஒரு குளிர்பெட்டி, ஒரு மருந்து அலமாரி. அறுவடைக் காலம். வெயில் ஏறியிருந்தது. வாசலில் நாலைந்து மாடுகள் நின்றிருந்தபோது, ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு ஒரு ஆட்டோ வந்து நின்றது. ஓட்டி வந்தவர் கோவிந்தன். நிற்பதற்கு முன்னாலேயே கத்த ஆரம்பித்துவிட்டார்.

"டாக்டரம்மா! பாம்பு கடிச்சிடுச்சி! சீக்கிரம் வாங்க!"

யாரோ மனிதரைத்தான் கொண்டுவந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடினேன். பின்னாலிருந்து இறங்கியது கோவிந்தனின் அண்ணி தனலட்சுமி. அவர் கையில் ஒரு காய்கறிக் கூடை. கூடைக்குள் செம்பட்டை நிறத்தில் ஒரு பெரிய கடுவன் பூனை. அதன் முகத்தைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. இரண்டு கன்னமும் உப்பி, கண்கள் கோடாகச் சுருங்கி, வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"நேத்துலேர்ந்தே சோறு துண்ணலம்மா. ஒடம்பு கொதிச்சிக்கினு இருந்துச்சி" என்றார் தனலட்சுமி. "காலைல பார்த்தப்பக்கூட மூஞ்சி நல்லாத்தான் இருந்துச்சி. களத்துல நெல்லு தள்ளிட்டு வந்து பார்த்தா, வைக்கப்போர் பக்கத்துல இப்டி வீங்கிக்கினு கெடக்குது. டேய் சிங்காரம், கண்ணைத் தொறடா நைனா..."

"வெரியன்தாம்மா, வேற ஒண்ணும் கெடையாது" என்று கோவிந்தன் நடுவில் புகுந்தார். "அந்தப் போர்ல எலி கீது. எலியத் தேடிக்கினு பாம்பு வருது. உங்ககிட்ட பாம்புக்கடி ஊசி கீதுல்ல? பக்கத்து வூட்டு மாட்டுக்குப் போட்டீங்களே, அதையே போட்டுடுங்க!"

மாட்டோடு நின்றிருந்தவர்களும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஆளாளுக்குப் பாம்பு என்றார்கள். ஒருவர், இவ்வளவு வீக்கம் பாம்பைத் தவிர வேறு எதுவும் செய்யாது என்று சத்தியமே செய்தார். ஊசி மருந்து என் குளிர்பெட்டியில் இருந்தது உண்மை. பெட்டியின் கைப்பிடி வரைக்கும் என் கை போனதும் உண்மை.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். உங்களைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று ஒரே பதிலைச் சொல்லும்போது, அந்தப் பதில் உங்கள் மண்டைக்குள் உட்கார்ந்துவிடும். அப்புறம் உங்கள் கண் அதற்குச் சாட்சியைத்தான் தேடும். அந்த நேரத்தில் நான் எனக்கே சொல்லிக்கொள்வது இதுதான்: அவர்கள் சொன்னது காரணம், நீ பார்க்க வேண்டியது அடையாளம். கையைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டுப் பூனையிடம் போனேன்.

பல் பதிந்த இடத்தைத் தேடினேன். முகத்தில் இல்லை. காலில் இல்லை. பாம்பு ஒரு பக்கம் கடித்திருந்தால் ஒரு பக்கம்தானே அதிகம் வீங்க வேண்டும்? இதற்கு இரண்டு கன்னமும் சமமாக வீங்கியிருந்தன. முன்னங்கால் பாதங்களும் பன் மாதிரி உப்பியிருந்தன. வால் அடியில் மட்டும் காய்ந்த பொருக்கு ஒன்று, அதைச் சுற்றிக் கெட்டியாகச் சூடாக ஒரு மேடு. அதைத் தவிர உடம்பெல்லாம் சில்லென்று இருந்தது. உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தேன். சிவப்பும் இல்லை, வெளுப்பும் இல்லை. களிமண் நிறம்.

காது நுனியில் ஊசியால் மெல்லத் தொட்டு, ஒரு சொட்டு ரத்தத்தை வெள்ளைப் பஞ்சில் எடுத்தேன். சிவப்பு இல்லை! சாக்லேட்டைக் கரைத்தது போலப் பழுப்பு. காற்று பட்டால் சிவக்குமா என்று ஆட்டிப் பார்த்தேன். பழுப்பாகவே இருந்தது.

இது பாம்பே இல்லை! ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் காற்றைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது. உள்ளே போன ஏதோ ஒன்று அதைக் கெடுத்திருக்கிறது. பாம்பு மருந்தை ஏற்றியிருந்தால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. அந்த மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால், மிச்சமிருக்கும் மூச்சும் நின்றிருக்கும்.

சரி, உள்ளே போனது எது?

அவசரப்பட்டு மருந்தை எடுக்கும் இரண்டாவது ஆசை இங்கேதான் வந்தது. உரம் கலந்த தண்ணீரைக் குடித்த மாடுகளுக்கு ரத்தம் இதே மாதிரி பழுப்பாகும். அதற்கு ஒரு நீல மருந்து உண்டு. ஏற்றிய கொஞ்ச நேரத்தில், சாய்ந்து கிடந்த மாடு எழுந்து நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்த நீலக் குப்பி அலமாரியில் என் கண்ணுக்கு நேராக இருந்தது. போதாததற்குக் கோவிந்தன், "நேத்து மேல்கழனில உரம் போட்டாங்கம்மா" என்றார். எல்லாம் பொருந்தி வருகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த நீலம் மாட்டுக்கு அமிர்தம் என்றால், பூனையின் ரத்தத்துக்கு அதுவே ஒரு தொல்லை. காரணம் தெரியாமல் அதைத் தொடக் கூடாது.

"மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கே தூக்கிக்கினு போயிடலாமா?" என்றார் கோவிந்தன். அவ்வளவு தூரம், இந்த வெயிலில், ஆட்டோவின் குலுக்கலில்! செங்கல்பட்டு தாண்டுவதற்குள் முடிந்துவிடும். எது செய்தாலும் இங்கேயே, இப்போதே செய்ய வேண்டும்.

"இது என்ன சாப்பிட்டது?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமே துண்ணலம்மா" என்றார் தனலட்சுமி.

அப்போதுதான் அவர்களோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்ட இன்னொரு ஆளைக் கவனித்தேன். தனலட்சுமியின் கணவர் ஏழுமலை. முட்டி வரைக்கும் சேறு. பூனையைப் பார்க்காமல் வெளியே மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏதாவது கொடுத்தீங்களா?"

"நானா? நான் அது கிட்டயே போறதில்ல மேடம். வூட்ல பூனை இருந்தாலே எனக்குப் பேஜாரு" என்றார் வெடுக்கென்று.

கோவிந்தன் சிரித்தார். "எங்கண்ணனுக்கும் பூனைக்கும் ஆவவே ஆவாதும்மா. பார்த்தாலே செருப்ப எடுப்பாரு."

ஆனால் எனக்கு ஒன்று இடித்தது. பூனையே பிடிக்காத மனிதர் அறுவடை நேரத்தில் கழனியை விட்டுவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் எதற்காக இங்கே வந்து நிற்கிறார்? கூடைக்குள் பார்த்தேன். பூனைக்கு அடியில் ஒரு துண்டு மடித்துப் போட்டிருந்தது, ஈரமும் சேறுமாக. ஏழுமலையின் தோள் வெறுமையாக இருந்தது.

அறையைக் காலி செய்தேன். கோவிந்தனிடம், "வெளிய யாரும் சத்தம் போடாம பார்த்துக்கோங்க, பூனைக்கு மூச்சுத் திணறுது" என்று ஒரு வேலை கொடுத்தேன். தனலட்சுமியை எதிர் டீக்கடைக்கு அனுப்பி, பாட்டிலில் வெந்நீர் வாங்கிவரச் சொன்னேன். பூனைக்கு அந்தச் சூடு தேவையாகவும் இருந்தது. ஏழுமலையும் நானும் மட்டும் இருந்தோம்.

கேள்வியை மாற்றிக் கேட்டேன். "ஏதாவது கொடுத்தீர்களா" என்பது போலீஸ் கேள்வி. அதற்கு "இல்லை" என்றுதான் பதில் வரும்.

"ஏழுமலை, உடம்பு சரியில்லாம கெடந்தப்ப உங்களுக்கு மனசு கேட்டிருக்காது. ஏதோ ஒரு வைத்தியம் பண்ணியிருப்பீங்க. நல்லதுக்குத்தான் பண்ணியிருப்பீங்க. அது என்னன்னு தெரிஞ்சா எனக்கு வழி கிடைச்சிடும்."

அவர் வாசலைப் பார்த்தார். தம்பி எட்டத்தில்தான் இருக்கிறார் என்று உறுதி செய்துகொண்டார். அப்புறம் குரலை இறக்கி, "வெளிய சொல்ல மாட்டீங்களே?" என்றார்.

"மாட்டேன்."

"ஒடம்பு அப்டி கொதிச்சிக்கினு இருந்துச்சி மேடம். நடுங்குச்சி. என் காய்ச்ச மாத்திரைல பாதிய ஒடச்சி, பால்ல கரைச்சி, விடியகாலைல ஊட்டி வுட்டேன். அவ களத்துக்குப் போனப்பறம்தான். பூனைக்கு மடியில வச்சிப் பால் ஊட்டுனான்னு தெரிஞ்சா, எந்தம்பி ஆட்டோ ஸ்டாண்டு பூரா சொல்லிச் சிரிப்பான் மேடம்."

"எந்த மாத்திரை?"

சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். பாராசிட்டமால்!

"கிடைச்சிடுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் இருந்த கன்றுக்குட்டி மிரண்டது.

உங்களுக்குப் பாடத்தில் வந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். நமக்கும் மாட்டுக்கும் அந்த மாத்திரையை முறித்து வெளியேற்றும் வழி கல்லீரலில் இருக்கிறது. பூனையின் கல்லீரலில் அந்த வழி இல்லாத மாதிரிதான். பாதி மாத்திரை போதும் ஒரு கடுவனைச் சாய்க்க. முகம் வீங்கும், பாதம் வீங்கும், ரத்தம் பழுப்பாகும். அத்தனையும் என் மேசை மேல் கிடந்தது! இதற்கு மாற்று மருந்து உண்டு. அசிட்டைல் சிஸ்டீன். மனிதர்களுக்குச் சளியை இளக்கவும், இதே மாத்திரையை அதிகமாக விழுங்கியவர்களைக் காப்பாற்றவும் கொடுப்பது. என் அலமாரியில் அது கிடையாது.

உத்திரமேரூர் பஜாரில் மருந்துக் கடை வைத்திருக்கும் சாதிக் பாய்க்குப் போன் போட்டேன்.

"இருக்குது மேடம். நர்சிங் ஹோமுக்கு வரவழைச்ச ஊசில மிச்சம் இருக்குது" என்றார். "யாருக்கு? ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமே?"

"பூனைக்கு பாய்."

"பூனைக்கா! சீட்டை எழுதி போட்டோ எடுத்து அனுப்புங்க மேடம். ஆளை அனுப்புங்க. நான் கையில எடுத்துக்கினு கடை வாசல்லயே நிக்கிறேன்" என்றார்.

நான் போனை வைப்பதற்குள் ஏழுமலை வெளியே பாய்ந்துவிட்டார். "டேய், வண்டிய எடுடா!"

"பாம்பு ஊசிதானேண்ணா?" என்றார் கோவிந்தன்.

"ஆமாண்டா, ஆமா! எடுடா!"

ஆட்டோ புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

அது திரும்பி வரும் வரைக்கும் இருந்த நேரம்தான் கஷ்டம். சும்மா நிற்பது நமக்குப் பழக்கமில்லை. ஏதாவது ஊசி போடு, ஏதாவது வாயில் ஊற்று என்று கை துடிக்கும். மூச்சுக்குத் தவிக்கிற பூனையை அழுத்திப் பிடித்தாலே போதும், அது போய்விடும். கையில் இருந்த வைட்டமின் சி ஊசியைத் தோலுக்கு அடியில் போட்டேன். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி அதன் பக்கத்தில் வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

தனலட்சுமி கூடைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். "மடியில வச்சிக்கட்டுமாம்மா?" என்றார்.

"வேணாம். இப்ப அதுக்கு மூச்சு விடுறதே பெரிய வேலை. தொடாதீங்க. பேசுங்க, அது போதும்."

அவர் பேசினார். களத்தில் நெல் காய்வதை, எலி வந்து கூத்தடிப்பதை, சிங்காரம் இல்லாமல் வீடு வீடாக இல்லை என்பதை. வெளியே ஒரு பசு கத்த ஆரம்பித்தது. அதன் சொந்தக்காரர் அதன் வாயில் புல்லைத் திணித்து அடக்கினார். கொஞ்ச நேரம் முன்பு பாம்பு என்று சத்தியம் செய்தவர் அவர்தான்.

ஹாரன் சத்தம் கேட்டதும் ஓடினேன். ஏழுமலை மருந்தை இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு வந்தார். வீங்கிய முன்னங்காலை விட்டுப் பின்னங்காலில் நரம்பைத் தேடினேன். வாழ்க்கையில் ஆயிரம் முறை செய்த வேலை, அன்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊசியை இறக்கினேன். ஏறியது! மெதுவாக, மிக மெதுவாக மருந்தை ஏற்றினேன்.

அதற்குப் பிறகு எல்லாரும் காத்திருந்தோம். நடுவில் மாடுகளைப் பார்த்தேன், ஒரு கன்றுக்குக் கட்டுப் போட்டேன், ஆனால் மனசு முழுக்கக் கூடையில் இருந்தது. போய்ப் போய் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். களிமண். மறுபடியும் களிமண். மூச்சு கொஞ்சம் நிதானப்பட்ட மாதிரி தெரிந்தது. என் ஆசையோ என்று நம்பவில்லை. வெயில் சாய ஆரம்பித்த நேரத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். கோரைப்பல்லுக்கு மேலே, ஈறின் ஓரத்தில், மெல்லியதாக ஒரு ரோஜா நிறம்!

"வாங்க! எல்லாரும் வாங்க! வந்து பாருங்க!"

ஒரு பூனையின் ஈறைப் பார்க்க அத்தனை பேர் முண்டியடித்ததை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, அப்புறமும் பார்த்ததில்லை. தனலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கோவிந்தன், "பாம்பு ஊசின்னா ஊசிதான்!" என்று எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழுமலை என்னைப் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா? வாயைத் திறக்கவில்லை.

அந்த வாக்கைக் காப்பாற்றியதில் ஒரு சங்கடமும் இருந்தது. காய்ச்சல் மாத்திரை பூனைக்கு விஷம் என்பதை அந்த ஊருக்குச் சொல்லியாக வேண்டும். மறுநாளிலிருந்து மருந்தகத்துக்கு வந்த ஒவ்வொருவரிடமும், மாடு கொண்டுவந்தவர்களிடம்கூட, பொதுவாகச் சொல்லிவிட்டேன். யார் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. பெயரைச் சொல்லாமல் பாடத்தை மட்டும் சொல்ல முடியும். அப்படிச் சொன்னால் ஜனங்கள் நன்றாகவே கேட்கிறார்கள்.

ஊசியை விட்டு விட்டுத் தொடர்ந்தோம். வீக்கம் வடிந்தது. சிங்காரம் முதலில் தண்ணீர் குடித்தது, அப்புறம் மீன் வாசனைக்குத் தலையைத் தூக்கியது. ஆனால் காய்ச்சலுக்கு முதல் காரணம் இன்னும் வால் அடியில் இருந்தது. வேறொரு கடுவனோடு போட்ட சண்டையில் கடிபட்ட இடம். மேலே தோல் மூடிக்கொண்டது, உள்ளே சீழ் கட்டிவிட்டது. ஆண் பூனைக்குக் காய்ச்சல் என்று வந்தால் முதலில் வாலடி, கன்னம், கால் மூன்றையும் தடவிப் பாருங்கள். பாதி நேரம் பதில் அங்கேயே இருக்கும்.

அது தேறிய பிறகு, அந்தச் சீழை எடுக்க மறுபடி கொண்டுவந்தார்கள். மரத்துப்போக ஊசி போடுவதற்காக ஏழுமலை பிடித்துக்கொண்டார். நான் மேட்டைத் தொட்டேன். தொட்டதுதான் தாமதம், கூடையில் மூச்சுக்குத் தவித்துக் கிடந்த அதே ஜீவன் சுழன்று திரும்பி என் கட்டைவிரலில் பல்லை இறக்கியது!

"கடிச்சிடுச்சு!" என்று கத்தினேன். "எவ்ளோ பலமா கடிச்சிடுச்சு பாருங்க!"

நான் சிரிப்பதைப் பார்த்து அவர்கள் பயந்துபோனார்கள். கடிக்கத் தெம்பு வந்துவிட்டதே, அதைவிட என்ன நல்ல சேதி வேண்டும்? ஆனால் நீங்கள் சிரித்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பூனைக்கடி ஆழமாக இறங்கும், வெறிநோயும் அதன் வழியாக வரலாம். சீழை எடுத்துக் கட்டி முடித்த பிறகு பார்க்கலாம் என்றுகூட நான் இருக்கவில்லை. எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு வெளியே குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவ ஆரம்பித்தேன். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசியும் போட்டுக்கொண்டேன்.

குழாயடிக்குத் தனலட்சுமி சோப்பை எடுத்துக்கொண்டு வந்தார். கையில் தண்ணீர் விழ விழ, அவர் மெதுவாக, "அவர்தானே மாத்திரை குடுத்தாரு?" என்றார்.

நான் விரலைத் தேய்த்துக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

"எனக்குத் தெரியும்மா. களத்துலேர்ந்து நடுவுல நாஷ்டா துண்ண வந்தேன். தம்ளர் கழுவுறப்ப பார்த்தேன், அடியில வெள்ளையா தூளு ஒட்டிக்கினு இருந்துச்சி. சட்டைல பூனை முடி வேற."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் கேட்டப்ப சொல்லியிருக்கலாமே?"

"அது வெஷம்னு எனக்கு இன்னாம்மா தெரியும்? கொழுந்தனும் பக்கத்துலயே நின்னுக்கினு இருந்தாரு. இந்த மனுசன் யாருக்கும் தெரியாம ஆசையா ஒண்ணு செஞ்சிருக்காரு. அதப் போட்டு ஒடச்சி அவர கூச்சப்பட வைக்கணுமான்னு வுட்டுட்டேன்."

பதில் தெரிந்த இரண்டு பேர் என் எதிரிலேயே நின்றிருக்கிறார்கள். இருவரும் மறைத்தது ஒரு நல்ல காரியத்தை! ஜனங்கள் தப்பைத்தான் ஒளிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு நாம் கேள்வி கேட்கிறோம். அன்பையும் ஒளிப்பார்கள், தம்பி தங்கைகளே. அதற்கும் இடம் வைத்துக் கேளுங்கள்.

உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டது. அறையில் ஏழுமலையும் பூனையும் மட்டும்தான் இருந்தார்கள்.

"அந்தம்மாவப் போயி கடிக்கலாமாடா? என்னைக் கடிச்சிருந்தா பரவால்ல. இனிமே மாத்திரயெல்லாம் தரமாட்டேன்டா நைனா. வெறும் பால்தான். இன்னா, பால் வேணுமா?"

தனலட்சுமி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி, தண்ணீர் இன்னும் சத்தமாக விழும்படி குழாயை முழுசாகத் திறந்துவிட்டார்.